இம்மோவின் கைகண்ட மருந்து

இம்மோ முதன்முதலாகக் கோயிலில் வாய் திறந்து பாடிய அன்று, அப்போதிருந்த வயதான அதிபர் சாமி வழிபாடு முடிந்ததும் மடத்துத் தச்சனைக் கூப்பிட்டு, வடக்கு வாசல் கதவின் கீலுக்கு உடனே எண்ணெய் போடச் சொன்னார். தச்சன் போட்டான். மறுநாளும் அந்தச் சத்தம் கேட்டது. அவன் மறுபடியும் போட்டான். கடைசியில் பாடகர் வரிசையில் நின்ற சின்ட்ராம் என்ற இளந்துறவிதான் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"சாமி, அது கதவு இல்ல. நம்ம இம்மோ."

ரோட்டன்செல் என்ற அந்தக் கிறிஸ்தவ மடத்தில் துறவியாக இருப்பவன் பாடாமல் தப்பிக்க முடியாது. விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே பல் கிட்டும் குளிரில் எழுந்து கோயிலுக்குப் போய்ச் சங்கீதம் என்னும் வேதப் பாட்டுகளைப் பாட வேண்டும். விடிந்ததும் பாட வேண்டும், மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். இம்மோவுக்கோ பாடுவதென்றால் கொள்ளை ஆசை. மற்றவர்கள் கொட்டாவியை விழுங்கியபடி முணுமுணுக்கையில் இவர் ஒருவர்தான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பாடுவார். அதுதான் வினையாகப் போயிற்று. "இவனுக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் இருந்திருந்தா நாம பிழைச்சிருப்போம்" என்று சின்ட்ராம் சொன்னதாகப் பேச்சு.

அதிபர் சாமி நல்ல மனிதர். நேரடியாகச் சொல்ல மனம் வராமல், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இம்மோவை மடத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே வேலை செய்பவன் தன் சங்கீதங்களை அங்கேயே தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். மருந்துரலுக்கும் உலக்கைக்கும் காது கிடையாது.

இம்மோ ஒரு வாரம் அழுதார். பிறகு மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த மூலிகைத் தோட்டத்தைப் பார்த்தார். பார்த்த அன்றே அதில் மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

காற்றுப் படாமல் கல்சுவர் எழுப்பிய சின்ன இடம்தான். பலகை அடித்த பாத்திகள். சால்வியா ஒரு பாத்தி, சதாப்பு ஒரு பாத்தி, புதினா ஒரு பாத்தி (அது பக்கத்துப் பாத்தி இரண்டையும் எப்போதும் அபகரித்துக்கொண்டிருக்கும்), பெருஞ்சீரகம், மாசிபத்திரி, லில்லி, ரோஜா. மூலையில், நரை விழுந்ததுபோல் வெளிறிய இலைகளோடு மர்ரூபியம். இருமலுக்கு அதை மிஞ்சி ஒன்றில்லை. தொண்டைப் புண்ணுக்குச் சால்வியா, வயிற்றுப் பொருமலுக்குப் பெருஞ்சீரகம், வயிற்றுப் புழுவுக்கு மாசிபத்திரி. ஆளரவம் இல்லாத நேரத்தில் இம்மோ அந்தச் செடிகளுக்குச் சங்கீதம் பாடுவார். செடிகள் எழுந்து ஓடவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றின்மேல் அவருக்கு உயிர்.

இப்படியே தலை நரைத்தது. சின்ட்ராம் இப்போது பாடகர் தலைவர். பழைய கதையை இம்மோ மறக்கவில்லை. மடத்து வழக்கப்படி பூசையில் ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுக்கும்போது, இருவரும் காஞ்சொறிச் செடியில் கன்னத்தை வைப்பது போல வைத்து எடுப்பார்கள்.

இனி நோயாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடத்தில் ஆரோக்கியமாக இருப்பவனுக்கு இறைச்சி கிடையாது. பீன்ஸ், பார்லிக் கஞ்சி, ரொட்டி, வெள்ளிக்கிழமையானால் மீன். நோயாளிக்கு மட்டும் விலக்கு உண்டு. மருத்துவமனையில் படுத்தவனுக்குக் கோழிக் குழம்பு, கணப்பு அடுப்பு, வைக்கோல் புதிதாக அடைத்த மெத்தை. இருட்டோடு எழுந்து பாட வேண்டியதில்லை. அவன் வெட்கப்பட வேண்டுமே என்பதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: இறைச்சி தின்கிற நோயாளி முக்காடு போட்டுக்கொண்டு, கையில் கோல் ஊன்றித்தான் நடமாட வேண்டும். வெட்கப்பட வைத்த கோலை ரோட்டன்செல் துறவிகள் செங்கோலாக ஆக்கிவிட்டார்கள். பனி விழத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கோலை ஊன்றிக்கொண்டு வந்து சேருவார்கள்.

ஹார்ட்முட் முதலில் வருவார். நல்ல உடம்பு. அவருக்கு முதுகுவலி. அடுத்தது லூட்டோ. அவருக்கு வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும்; இடது முழங்காலைத் தேய்க்க எண்ணெய் எடுத்தால் அது வலது தோளுக்குப் போய்விடும். இவர்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

மடம் முழுவதற்கும் தெரிந்த விஷயம் இம்மோ ஒருவருக்குத்தான் தெரியாது. அவர்கள் எல்லோரும் நிஜமாகவே நோயாளிகள் என்று அவர் நம்பினார். நோயாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிவிடை செய் என்று மடத்து ஒழுங்கில் இருக்கிறது. கிறிஸ்துவைப் பார்த்து, "உனக்கு நிஜமா வலிக்குதா?" என்று யாராவது கேட்பார்களா? குளிர்காலம் முழுக்கத் தன் மருந்து கேட்கவில்லையே என்று மனிதர் உள்ளுக்குள் நொந்துபோவார். வசந்தம் வந்து, கோழிகள் அடைகாக்க உட்கார்ந்து குழம்பு நின்றதும் எல்லோருக்கும் குணமாகிவிடும். "வெயில் பட்டாத்தான் நம்ம மருந்து வேலை செய்யுது" என்று இம்மோ ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

அப்படி ஒரு குளிர்காலத்தில் புது அதிபர் வந்தார். பெயர் வெரின். ஒல்லியானவர், குரலை உயர்த்தாதவர். ஒரு நாள் காலை மருத்துவமனைக்குள் வந்து கட்டில்களைப் பார்த்தார். கட்டில்கள் முனகின.

வெளியே வந்து கேட்டார். "இம்மோ, இவங்கல்லாம் எப்போ எழுந்திருப்பாங்க?"

"கடும் நோய் சாமி. ஹார்ட்முட்டுக்கு முதுகெலும்பு முழுக்கக் குளிர் இறங்கியிருக்கு."

"பாடுற இடத்துல பாதி பலகை காலியா கெடக்கு. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு மேலிடத்து ஆயர் மடத்தைப் பார்க்க வர்றார். வந்து பார்த்தா என்ன நினைப்பார்? ஒண்ணு இது மடம் இல்ல, இல்லன்னா நீங்க மருத்துவர் இல்ல."

இம்மோவுக்கு முகம் வெளுத்தது.

"அன்னைக்கு இந்த வீடு காலியா இருக்கணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க பழையபடி பாட வாங்க. தோட்டத்தைச் சமையலுக்குக் கொடுத்திடலாம். முட்டைக்கோசு போட நல்ல மண்ணுன்னு சொன்னாங்க."

முட்டைக்கோசு! இம்மோ பனியில் நின்றுகொண்டு சால்வியாப் பாத்தியைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புது அதிபருக்கு இம்மோவின் குரல் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதும் தெரிந்தது. இந்தச் செய்தி அன்று மாலைக்குள் மடம் முழுக்கப் பரவியது. எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கியவர் சின்ட்ராம்.

சின்ட்ராமும் அப்போது மருத்துவமனையில்தான் இருந்தார். அவர் தானாக வரவில்லை. பாட்டுக்கு நடுவே இருமி இருமி மூச்சு அடைத்து விழுந்ததால் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். சட்டைக் கையில் வாயைப் புதைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாதென்று இருமுவார். கோழிக் குழம்பில் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. மீதியை ஹார்ட்முட் வீணாக்காமல் பார்த்துக்கொண்டார்.

இம்மோ மருந்தைக் கடுமையாக்கினார். சதாப்பையும் மாசிபத்திரியையும் ஒன்றாகக் காய்ச்சி வற்றவைத்தார். அந்தக் கஷாயத்தை முகர்ந்த பூனை அன்றிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை. ஹார்ட்முட் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உடம்பு ஒருமுறை உதறி அடங்கியதும் கேட்டார்.

"அண்ணே, இன்னைக்குக் குழம்புல கால் இருக்குமா?"

"இருக்கும். முதுகு எப்படி?"

"அப்படியேதான் இருக்கு அண்ணே. கால் தின்னா கொஞ்சம் தேவலை."

பிறகு நரி வந்தது. மருத்துவமனைக் கோழிக்கூட்டின் பலகையை நெம்பி உள்ளே புகுந்து, இறகைத் தவிர ஒன்றையும் விட்டுவைக்காமல் போய்விட்டது. அன்று காலை இம்மோ சின்ட்ராமின் இருமலுக்காக மர்ரூபியத்தைத் தேனில் காய்ச்சியிருந்தார். நிறையக் காய்ச்சிவிட்டதால் மீதியை மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினார். மதியம் பார்லிக் கஞ்சி கொண்டுவந்தார்.

"கோழி?" என்றார் லூட்டோ.

"நரி தூக்கிட்டுப் போயிடுச்சு. இனிமே ஈஸ்டருக்கு அப்புறம்தான்."

ஹார்ட்முட் மெல்ல எழுந்து நின்று, இடுப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வளைத்துப் பார்த்தார். "அட, வலியைக் காணோம்!" என்றார். லூட்டோவின் வலி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வாசல் வழியாக வெளியே போய்விட்டதாம். சாயங்கால மணி அடிப்பதற்குள் கோல்கள் எல்லாம் மூலையில் சாய்ந்துகிடந்தன. சின்ட்ராமும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கும் நல்லாயிடுச்சு இம்மோ" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் போனார்.

இம்மோ முழங்காலில் விழுந்து மர்ரூபியச் செடிக்கு முன்னால் நன்றி சொன்னார். அப்புறம் அதிபரிடம் ஓடினார்.

"சாமி! கைகண்ட மருந்து சாமி! காலையில கொடுத்தேன், சாயங்காலம் கட்டில் காலி!"

"நரி வந்ததாமே?" என்றார் வெரின்.

"ஆமா சாமி, அது ஒரு கஷ்டம். ஆனா பாருங்க, சத்தான சாப்பாடு இல்லாமலே குணமாயிட்டாங்க. அப்போ மருந்துக்கு எவ்வளவு வீரியம் இருக்கணும்!"

அதிபர், "நல்லது இம்மோ. தோட்டத்தைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சில நாட்கள் இம்மோவின் வாழ்க்கையிலேயே பெருமையான நாட்கள். பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார். சாப்பாட்டு அறையில் யாரும் பேசக் கூடாது, கைச்சாடைதான். அங்கே ஹார்ட்முட் ஒரு கையால் நரிவால் போலக் காட்டி ஆட்ட, எல்லோரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். தன் வெற்றியைக் கொண்டாடுகிறார்கள் என்று இம்மோ அடக்கமாகத் தலையசைத்தார்.

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் சாயங்காலம், சால்வியாவின் மேல் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, துணியில் புதைத்த இருமல் ஒன்று சுவரைத் தாண்டி வந்தது.

இம்மோவின் கை நின்றது. இத்தனை வருஷத்தில் அவருக்குப் பாட வரவில்லையே தவிர, கேட்கத் தெரியும். அந்த இருமலின் அடியில் ஈரம் இருந்தது. அது குணமான ஆளின் இருமல் இல்லை.

நாளைக்கு ஒருநாள் போகட்டும், என்றது மனசு. ஆயர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ஒருநாளில் என்ன ஆகிவிடும்? தோட்டம் பிழைத்துவிடும். தவிர, கதவுச் சத்தம் உன் குரல்தான் என்று போட்டு உடைத்த ஆள்தானே? இப்படியும் அது சொன்னது. சொன்னதை இம்மோ கேட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. கால் நகராமல் அங்கேயே நின்றார்.

மறுபடியும் இருமல். இந்தத் தடவை பாட்டு ஒரு நொடி தடுமாறியது.

இம்மோ கையிலிருந்த பனியோடு ஓடினார். பல வருஷமாகப் பாடக் கால்வைக்காத இடத்தில் போய் நின்று கத்தினார்.

"நிறுத்துங்க! இவருக்குக் குணமாகல! என் மருந்து கேக்கல!"

அதிபர் வெரின் திடுக்கிட்டு வடக்கு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

இம்மோ யாரையும் கவனிக்கவில்லை. சின்ட்ராமை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். சின்ட்ராமின் உடம்பு கொதித்தது, வைக்கோல்கட்டு மாதிரி கனமில்லாமல் இருந்தது. கட்டிலில் கிடத்தி, சூடான துணியை மார்பில் வைத்து, மர்ரூபியத் தேனைக் கரண்டியால் புகட்டினார். பயமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இப்படி வச்சுக்கிட்டு ஏன் எழுந்து போனீங்க அண்ணே?"

"வீடு காலியாகணும்னு சொன்னாரே. இல்லன்னா நீ பாட வந்துடுவே."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்டா. அதுக்குச் சாவே மேல்." சின்ட்ராம் சிரிக்கப் போய் இருமினார். இருமி ஓய்ந்தபின் மெதுவாகச் சொன்னார். "அப்புறம் உன் தோட்டம். முட்டைக்கோசு போடுறதாமே. அன்னைக்கு நான் வாயைத் திறக்காம இருந்திருக்கலாம். அது ஒரு உறுத்தல்."

இம்மோ கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "ஆனா மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுச்சே அண்ணே அந்த மருந்து?" என்றார்.

சின்ட்ராம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "டேய் இம்மோ. மருந்தா கேட்டுச்சு? கோழி போச்சு, அவனுங்க போனானுங்க. மடத்துக் கழுதைக்குக்கூடத் தெரியும்."

இம்மோவின் முகம் சிவந்தது, வெளுத்தது. "அப்போ… அந்தச் சதாப்பு மாசிபத்திரிக் கஷாயத்தை…"

"குடிச்சானுங்க. கோழிக்காக."

"நோயே இல்லாமலா? அதையா?" என்றார் இம்மோ. அவமானத்திலும் அவருக்கு ஒரு வியப்பு.

அதிபர் வந்தார். சின்ட்ராமின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இவர் இருக்கட்டும். நிஜ நோயாளி இருக்கிறது குத்தமில்ல. விருந்தாளிகளுக்கு வச்சிருக்கற கோழியில ஒண்ணு இவருக்கு அனுப்பறேன்." வாசலில் நின்று திரும்பினார். "ஆனா நாளைக்கு ஆயர் வர்றப்போ இவரைத் தவிர ஒரு ஆள் இங்க படுத்திருந்தாலும், சொன்னது சொன்னதுதான் இம்மோ."

நல்ல எண்ணத்தில்தான் கோழியை அனுப்பினார். மறுநாள் காலை அது கொதித்தபோது பெருஞ்சீரகத்தோடு சேர்ந்த வாசனை முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. சாம்பல் பூசிய நெற்றியோடு ஹார்ட்முட் முதலில் வந்தார். கோலை மூலையிலிருந்து தானே எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, திரும்பவும் பிடிச்சுக்கிச்சு."

"எது?"

"முதுகு. குனிஞ்சா நிமிர முடியல."

"நிமிர்ந்துதானே வந்தீங்க?"

"குனியாம வந்தேன் அண்ணே."

லூட்டோ வந்தார். பின்னால் மற்றவர்களும் வந்து பழைய கட்டில்களில் பழையபடி படுத்து முனகத் தொடங்கினார்கள். இம்மோவுக்கு ரத்தம் கொதித்தது. உலக்கையை எடுத்து ஒவ்வொரு முதுகாகக் குணப்படுத்தலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் வலிக்கிறது என்று சொல்பவனை வெளியே தள்ள மடத்து ஒழுங்கு இடம் கொடுக்காது. ஆயரின் குதிரைகள் மலையடிவாரத்தில் தெரிவதாகச் செய்தி வந்தது. ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். பனிக்குள்ளிருந்து சால்வியாவின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போது கோயில் மணி அடித்தது. சின்ட்ராம் தலையைத் தூக்கினார். "இன்னைக்கு ஏழு மனவருத்தச் சங்கீதமும் உண்டு. ஒண்ணுகூடக் காதுல விழாம கெடக்கறேன்."

"நான் வேணா…" என்று ஆரம்பித்த இம்மோ சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சின்ட்ராம் அவரைப் பார்த்தார். பிறகு கட்டில் கட்டிலாகப் பார்வையை ஓட்டினார். ஹார்ட்முட் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ட்ராம் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு, தூக்குமேடை ஏறுகிறவர் மாதிரி கண்ணை மூடினார்.

"பாடு இம்மோ. ஏழையும் பாடு. கஞ்சத்தனம் பண்ணாதே, முழுத் தொண்டையில பாடு."

"நிஜமாவா அண்ணே? உங்களுக்கு…"

"நான் எங்க ஓட முடியும்? பாடுடா!"

இத்தனை வருஷம் செடிகளுக்கு மட்டும் பாடிய மனிதர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கண்ணில் நீர் வழியப் பாடினார். கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. முதல் சங்கீதம் பாதியில் இருக்கும்போதே லூட்டோ காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். இரண்டாவது முடிவதற்குள் ஐந்தாறு கோல்கள் மூலைக்குப் போய்விட்டன. ஹார்ட்முட் மட்டும் குழம்பின் மேல் வைத்த பாசத்தால் மூன்றாவதின் நடுவரை தாக்குப்பிடித்தார். அதில் ஒரு மேல்சுரம் வரும். இம்மோ அதற்கு ஏறினார்.

"அண்ணே, போதும் அண்ணே! முதுகு சரியாயிடுச்சு! சத்தியமா!"

குனிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆயர் உள்ளே வந்தபோது ஏழாவது சங்கீதம் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு நோயாளி பற்களைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். "இந்தச் சகோதரர் ரொம்ப வேதனையில இருக்கார் போல" என்றார் ஆயர். "ஆமா சாமி" என்றார் அதிபர் வெரின். அவருக்கும் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது. முட்டைக்கோசுப் பேச்சு அதோடு முடிந்தது.

சின்ட்ராம் தவக்காலம் முழுக்கப் படுத்திருந்தார். மர்ரூபியத்தின் குணமோ கோழிக் குழம்பின் குணமோ, நெஞ்சில் இருந்த ஈரம் மெல்ல வற்றியது. சமாதான முத்தத்தில் இப்போது கன்னத்தோடு கன்னம் நன்றாக ஒட்டியது. ஈஸ்டர் முடிந்து, தோட்டத்தில் புதினா மறுபடி அடுத்த பாத்தியை அபகரிக்கத் தொடங்கிய ஒரு காலையில், அவர் கணப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"கொஞ்சம் குழம்பு ஊத்து இம்மோ. நெஞ்சுக்குள்ள இன்னும் என்னவோ பண்ணுது. ஒரு வாரம் இருந்துட்டுப் போறேனே."

இம்மோ குனிந்து அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. நிமிர்ந்து நின்று, அன்போடு சிரித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

சின்ட்ராம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.